துபாஷியின் வாக்கு

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியார் வாணிகம் நடத்திய காலத்தில், கவர்னருக்கு அடுத்தபடியாக ஊரார் வாயில் அதிகம் அடிபட்ட பெயர் தலைமைத் துபாஷியின் பெயரே. துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவன் என்று பொருள். ஏதோ மொழிபெயர்ப்பு வேலை என்றுதான் கேட்போருக்குத் தோன்றும். மொழிபெயர்ப்பு அவ்வேலையின் ஒரு சிறு பகுதி. கும்பினிக்கு வேண்டிய சரக்கைப் பேசி முடிக்கும் தரகர் அவரே. கோட்டைக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் நடுவே நின்று வழக்குத் தீர்ப்பவரும் அவரே. நவாபின் ஆட்கள் வந்தால் எதிர்கொண்டு, யாருக்கு என்ன மரியாதை செய்வது என்று கவர்னருக்குச் சொல்லித் தருபவரும் அவரே.

உத்தியோக சாலையில் ஒருவர் பிறரால் விரும்பப்படுவதும் நம்பப்படுவதும் எதற்காக வேண்டும் என்ற கேள்விக்கு, அறிவுரை நூல்களைவிடப் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுவைத் துபாஷிகளின் வரலாறு தெளிவான விடை தருகிறது என்பது என் கருத்து. விருப்பமும் நம்பிக்கையும் ஒன்றல்ல என்பதையும் அது காட்டுகிறது. நம் நல்லூழாக, அவர்களுள் ஒருவர் 1736 முதல் 1761 வரை ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் தமிழில் நாட்குறிப்பு எழுதி வைத்தார். அவர்தாம் ஆனந்தரங்கப் பிள்ளை.

முதலில் அந்த வாணிகம் நடந்த முறையைச் சொல்லவேண்டும். கும்பினியார் இக்கரையில் வாங்கியது பெரும்பாலும் துணி. கப்பல் ஐரோப்பாவிலிருந்து வெள்ளியைக் கொண்டுவரும். 1736 முதல் புதுவையிலேயே ரூபாய் அடிக்கும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. அடித்த நாணயம் உள்ளூர் வணிகருக்கு முன்பணமாகப் போகும். வணிகர் அதைக் கொண்டு நாட்டுப்புறத்துத் தறிக்காரர்களுக்கு அச்சாரம் கொடுப்பர். நூல் வாங்கி, பாவு ஓட்டி, நெய்து, வெளுத்து, மடித்துச் சுமைகட்டிக் கோட்டைக்குக் கொண்டுவந்து, மாதிரித் துணியோடு ஒத்துப் பார்த்துத் தரம் பிரித்த பிறகுதான் கணக்குத் தீரும். இதற்குள் பல மாதங்கள் கழிந்துவிடும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் தம் கைப்பொருளை இன்னொருவர் வாய்ச்சொல்லை நம்பிக் கொடுத்தாக வேண்டும்.

கவர்னரை நம்பலாமே என்றால், கவர்னர் சில ஆண்டுகளில் கப்பலேறிப் போய்விடுவார். அவர் மொழியும் வணிகருக்கு விளங்காது. வணிகர் அறிந்த முகம் துபாஷியின் முகம்தான். கப்பல் வரத் தாமதமானால் கஜானாவில் வெள்ளி இராது. அடுத்த கப்பலில் பணம் வரும், தறியை நிறுத்தவேண்டாம் என்று துபாஷி சொல்லவேண்டும். அதை வணிகர் ஏற்கவேண்டும். ஏற்காவிட்டால் கப்பல் வந்து நிற்கும்போது ஏற்றுவதற்குத் துணி இராது. கும்பினியின் முதல் என்று கணக்கப்பிள்ளை எழுதிய தொகையோடு, ஏட்டில் ஏறாத இந்த முதலும் சேர்ந்துதான் வாணிகம் நடந்தது.

ஆனந்தரங்கருக்கு முன் இப்பதவியில் இருந்தவர்களுள் நயினியப்ப பிள்ளையின் கதை மிகக் கொடியது. 1708 இல் ஏபேர் என்ற கவர்னர் அவரைத் தலைமைத் தரகராக அமர்த்தினார். வணிகர் அவரை நம்பினர், வாணிகமும் நடந்தது. ஆனால் சேசு சபைக் குருமார்களுக்கு அவர்மேல் விருப்பம் இல்லை. இவ்வளவு செல்வாக்கான பதவியில் கிறித்தவர் ஒருவரே இருக்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். முதலில் அதற்கு இணங்காத ஏபேர், இடையில் பதவி இழந்து, 1715 இல் மீண்டும் புதுவைக்கு வந்தபோது மனம் மாறியிருந்தார். 1716 இல் நயினியப்பர் சிறைப்பட்டார். கொடுங்கோன்மை, கலகம் என்று குற்றம் சாட்டினார்கள். விசாரணை அவர் படிக்க அறியாத பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது. ஊரில் இரு சாராருக்கும் பழக்கமான போர்த்துக்கீசிய மொழியில் தம்மை விசாரித்திருக்கலாமே என்று அவர் முறையிட்டதும் பயன்படவில்லை. பிறர் பேச்சையெல்லாம் பெயர்த்துச் சொன்ன மனிதர், தம் வழக்கில் தமக்கு விளங்காத மொழியில் தீர்ப்புப் பெற்றார். கடைத்தெருவில் 50 கசையடி, 3 ஆண்டுச் சிறை, சொத்துப் பறிமுதல். 1717 இல் அவர் சிறையிலேயே இறந்துபோனார்.

ஆனால் செய்தி அத்தோடு முடியவில்லை. நயினியப்பரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த சேன் மாலோ நகரத்துப் பிரெஞ்சு வணிகரே அவருக்காகப் பரிந்து பேசினார்கள். சமயத்தாலும் நாட்டாலும் அவருக்கு அன்னியர் அவர்கள். அவரை விரும்பினார்களோ இல்லையோ, நம்பினார்கள். அவர் இல்லாமல் சரக்கு வரவில்லை என்பதைக் கண்டார்கள். பாரிஸில் வழக்கு மறுபடி ஆராயப்பட்டுத் தீர்ப்புத் தள்ளுபடி ஆயிற்று. ஏபேர் பதவி இழந்து பிரான்சுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். நயினியப்பரின் மகன் குருவப்பர் பிரான்சுக்கே சென்று, கிறித்தவராகி, வீரப் பட்டமும் பெற்றுத் திரும்பித் தந்தையின் பதவியில் அமர்ந்தார்; 1724 இல் காலமானார். இறந்தவரின் பெயர் மீண்டது, உயிர் மீளவில்லை.

நயினியப்பரோடு சிறைப்பட்டவர்களுள் அவருடைய உறவினர் திருவேங்கடம் பிள்ளையும் ஒருவர். திருவேங்கடத்தின் மகன் 1709 இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவன். அப்போது அவனுக்கு வயது ஏழு. அச்சிறுவனே பின்னாளில் நாம் அறியும் ஆனந்தரங்கப் பிள்ளை. எவனை நம்பினால் தலை போகும், எவனுக்குப் பிடிக்காமல் போனால் முதுகு போகும் என்பதைக் குடும்பக் கதையாகவே கேட்டு வளர்ந்தவர் அவர். அவருடைய நாட்குறிப்பைப் படிக்கும்போதெல்லாம் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். யார் சிரித்தார், யார் முகம் கோணினார், துரை எந்தக் குரலில் பேசினார் என்று அவர் அவ்வளவு நுணுக்கமாக எழுதியதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

குருவப்பருக்குப் பின் கனகராய முதலியார் துபாஷியாகி, 1746 பிப்ரவரியில் இறக்கும்வரை இருந்தார். அவர் கிறித்தவர். குருமார்களுக்கும் வேண்டியவராக, ஊராருக்கும் பகையில்லாதவராக இருபது ஆண்டுக்கு மேல் காலந்தள்ளியது எளிய காரியமன்று. 1745 இல் இறந்த மகன் நினைவாக ஒழுகரையில் மாதா கோயில் கட்டி விருந்து வைத்தபோது, இந்துக்களையும் அழைத்து, அவர்களுக்குப் பிராமணச் சமையற்காரர்களைக் கொண்டே உணவு சமைப்பித்தார். ஆனந்தரங்கரும் போயிருந்தார். வந்து எழுதும்போது, இது அந்த முறைக்கும் பொருந்தவில்லை, இந்த முறைக்கும் பொருந்தவில்லை என்று குறை கூறுகிறார். எல்லாருக்கும் நல்லவராக இருக்க முயன்ற ஒருவரைப் பற்றி, அப்பதவிக்குக் காத்திருந்த இன்னொருவரின் கருத்து அது. நாமும் அந்த அளவுக்கே அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஆனந்தரங்கர் 1726 இல் தந்தையை இழந்தபின், பரங்கிப்பேட்டையில் பிரெஞ்சுக்காரரின் துணிக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பேற்று உத்தியோகத்தில் நுழைந்தார். சொந்த வாணிகமும் உண்டு. 'ஆனந்தப்புரவி' என்று தம் பெயர் தாங்கிய கப்பலும் வைத்திருந்தார். கோட்டைக்குப் போய்க் கவர்னரைக் கண்டு வந்த பிறகு, பெரும்பாலான நாட்களில் அவர் போய் அமர்ந்த இடம் அவருடைய பாக்குக் கிடங்கு. நாட்குறிப்பில் அந்தப் பாக்குக் கிடங்கு அடிக்கடி வருகிறது. வணிகர்கள், கடிதம் கொண்டுவருவோர், பஞ்சாயத்துக்கு வருவோர், சும்மா ஊர்க்கதை பேச வருவோர் எல்லாரும் அங்கே வருவார்கள். மேலிருப்பவர் காதில் விழாத செய்தியெல்லாம் அங்கே இவர் காதில் விழுந்தது. கவர்னர் துய்ப்ளே இவரை அடிக்கடி அழைத்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்ததற்கு அதுவே முக்கிய காரணம் என்று கருதுகிறேன். கீழே உள்ளவர்கள் ஒருவனை நம்பி வாய் திறந்தால்தான் அவன் மேலே உள்ளவனுக்குப் பயன்படுவான். அவர்கள் வாயை மூடிக்கொண்ட அன்றே மேலிடத்திலும் அவன் மதிப்புக் குறைந்துவிடும்.

துபாஷியின் வாக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 1746 ஆம் ஆண்டு நன்றாகச் சோதித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் லா பூர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்தார். 11 இலட்சம் வராகன் மீட்புப் பணம் கொடுத்தால் ஊரைத் திருப்பித் தருவதாக ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். அவர் புயலில் அடிபட்ட கப்பல்களோடு புறப்பட்டுப் போனவுடன், துய்ப்ளேயும் ஆலோசனைச் சபையும் அவ்வுடன்படிக்கை செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். அதே துய்ப்ளே, சென்னையின் பெரிய வணிகர்கள் புதுவைக்குக் குடிபெயர வேண்டுமென்று விரும்பினார். அவர்களை அழைக்கும் வேலை ஆனந்தரங்கரிடம் வந்தது. இவர் சென்னையில் பிறந்தவர். அவர்களுள் பலரை அறிந்தவர். எழுதினார், ஆள் அனுப்பினார், நயமாகச் சொல்லிப் பார்த்தார். வணிகர்களோ சாக்குப்போக்குச் சொல்லிக் காலங்கடத்தினார்கள். துய்ப்ளே பொறுமை இழந்தார்.

அவர்கள் ஆனந்தரங்கரை நம்பவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. இவர் யாருக்காகப் பேசினாரோ அவரை நம்பவில்லை. எழுதிக் கையொப்பமிட்ட உடன்படிக்கையையே மாதக் கணக்கில்கூட வைத்திராமல் கிழித்த சர்க்கார், நாளைக்குத் தங்கள் கிடங்கை என்ன செய்யும் என்று அவர்கள் எண்ணியிருப்பார்கள். நடுவில் நிற்பவனுடைய நற்பெயரைக் கொண்டு மேலிடத்தின் கெட்ட பெயரை மூடிவிடலாம் என்று அன்று துய்ப்ளே நினைத்ததைப் போல நினைக்கும் நிர்வாகிகள் இன்றும் இல்லாமல் இல்லை.

கனகராயர் இறந்தபின் பதவிக்குப் பெரிய போட்டி எழுந்தது. அவர் தம்பி சின்ன முதலியார் ஒருபுறம். அன்னபூரண ஐயன் என்பவர் மற்றொருபுறம். துய்ப்ளே உடனே யாரையும் அமர்த்தவில்லை. வேலையை ஆனந்தரங்கரிடம் வாங்கிக்கொண்டு, பட்டத்தை மட்டும் நிறுத்தி வைத்தார். காலியான ஆசனத்தைக் காட்டிப் பலரையும் ஓடவைப்பது பழைய தந்திரம். இவரோ அதற்குள் சோதிடர்களைக் கேட்டு, கிரகம் எப்போது நல்ல இடத்துக்கு வரும் என்று நாட்குறிப்பில் குறித்துக்கொண்டிருந்தார். அதைப் படித்துச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நம்பவேண்டிய மனிதரின் மனம் தெரியாதபோது வானத்தைப் பார்ப்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்லரே!

இவருக்கு நேர்ந்த பெரிய இடையூறு போட்டியாளர்களால் வந்ததன்று. துய்ப்ளே சீமாட்டி ழான் புதுவையிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசத் தெரிந்தவர். இங்கேதான் சிக்கல். கவர்னர் மாளிகையில் துபாஷி தேவைப்படாத ஒரே பெரிய மனிதர் அவர். ஊராரோடு அவரே பேசினார், தமக்கென்று ஒற்றர்களை வைத்துக்கொண்டார், தாமே செய்தி வாங்கினார். பதவி வேண்டுவோர் அவரிடம் சென்று பணம் தருவதாகச் சொன்னார்கள் என்று ஆனந்தரங்கர் எழுதுகிறார். தம்மைப் பற்றிக் கணவரிடம் கோள் சொன்னார் என்றும் பல இடங்களில் குமுறுகிறார். இவையெல்லாம் ஒரு பக்கத்துச் சாட்சியம். சீமாட்டி நாட்குறிப்பு எழுதி வைக்கவில்லை. ஆயினும் ஒன்று புலப்படுகிறது. தலைவர் நம்பினார், தலைவரின் வீடு விரும்பவில்லை. நம்பிக்கை இவரைப் பதவியில் வைத்திருந்தது. விருப்பமின்மை அந்தப் பதவியில் ஒருநாளும் நிம்மதியாக உட்காரவிடவில்லை.

1748 செப்டம்பரில் நடந்தது இவர் வாழ்க்கையின் மிகக் கசப்பான நாட்களுள் ஒன்று. ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பாஸ்காவன் புதுவையை முற்றுகையிட்டிருந்தார். சம்பா கோயிலை அடுத்து வேதபுரீசுவரர் ஆலயம் இருந்தது. அதனை அகற்றவேண்டுமென்று குருமார்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்தார்கள். முற்றுகைக் கலவரத்தில் அது இடிக்கப்பட்டது. ஊர் மகாநாட்டார் கலங்கி இவரிடம் வந்தார்கள். கவர்னருடைய நம்பிக்கைக்குரியவர், தங்கள் சமயத்தவர், தடுக்கக்கூடியவர் ஒருவர் உண்டென்றால் இவரே என்று எண்ணினார்கள். இவரால் தடுக்க முடியவில்லை. சீமாட்டியின்மீதும் குருமார்கள்மீதும் பழி சொல்லி, மனம் நொந்து எழுதுகிறார்.

அவர் முழு மூச்சாகப் போராடினாரா என்று நாம் இன்று கேட்கலாம். நயினியப்பருக்கு நேர்ந்ததைச் சிறு வயதிலேயே அறிந்த ஒருவர், எதிரி வாசலில் நிற்கும்போது, தம்மை நம்பிய கவர்னரை எவ்வளவு தூரம் எதிர்த்திருக்கமுடியும்? இரு சாராரின் நம்பிக்கையையும் பெற்றவன், அவ்விரு சாராரும் மோதும்போது யார் நம்பிக்கையைச் செலவிடுவது என்று முடிவு செய்தாக வேண்டும். ஆனந்தரங்கர் அன்று கவர்னரின் நம்பிக்கையைச் செலவிடத் துணியவில்லை. அதற்கான விலையை ஊராரிடம் கொடுத்திருப்பார். என்னால் அவரைப் பழிக்கவும் முடியவில்லை; முழுவதும் விடுவிக்கவும் மனம் வரவில்லை.

அதன் பின்னும் ஏற்றம்தான். தக்காண சுபேதார் முசபர் ஜங் இவருக்கு மூவாயிரம் குதிரை மன்சப்தார் என்ற பட்டம் தந்தார். செங்கற்பட்டுக் கோட்டையின் அதிகாரமும் வந்தது. பல்லக்கில் ஏறிக் கவர்னர் மாளிகைக்குள் செல்லும் உரிமை, தங்கப்பூண் பிடித்த கைத்தடி எல்லாம் இருந்தன. தமிழிலும் தெலுங்கிலும் வடமொழியிலும் புலவர்கள் இவரைப் பாடினர். அள்ளிக் கொடுத்தவரைப் புலவர் பாடுவது இயல்பு. அதைக்கொண்டு இவர் எவ்வளவு விரும்பப்பட்டார் என்று அளக்கமுடியாது.

1754 இல் துய்ப்ளே திருப்பி அழைக்கப்பட்டுக் கப்பலேறினார். பிறகு துபாஷியின் செல்வாக்கு விரைவாகத் தேய்ந்தது. உடல்நலமும் குன்றிவந்தது; 1756 இல் பதவி போயிற்று. இங்கே ஒரு வேறுபாட்டைக் காண்கிறேன். வணிகர் இவர்மேல் வைத்த நம்பிக்கை இவரது நடத்தையைப் பார்த்து வைத்தது. புதிய கவர்னர்களுக்கு அந்த நடத்தையைப் பார்த்த பழக்கம் இல்லை. துய்ப்ளேயின் ஆள் என்ற ஒரே அடையாளத்தையே கண்டார்கள். ஒரு தலைவரின் தனிப்பட்ட நம்பிக்கை அவர் ஏறும் கப்பலிலேயே ஏறிப்போய்விடுகிறது.

இவை இரண்டும் இல்லாதவனால் ஒரு நிறுவனம் என்ன ஆகும் என்பதைக் காட்டுவதற்கென்றே வந்தவர்போல 1758 இல் லாலி வந்து இறங்கினார். வீரத்தில் குறைவில்லாதவர், பணத்தில் கை சுத்தமானவர் என்று பகைவரும் ஒப்புவர். ஆனால் கும்பினி உத்தியோகஸ்தர் அனைவரையும் திருடர் என்று வெளிப்படையாகவே பேசினார். கடலூரை அடுத்த தேவனாம்பட்டினக் கோட்டையைத் தாக்க விரைந்தபோது சுமை தூக்க ஆள் போதவில்லை. சாதி வழக்கங்களையெல்லாம் கருதாமல் புதுவை மக்களைப் பிடித்துச் சுமை தூக்கவும் வண்டி இழுக்கவும் வைத்தார். கோட்டை விழுந்தது, ஊர் மனமும் அன்றே அவரை விட்டு விலகியது. அடுத்த முறை அவர் கேட்டபோது மாடும் கிடைக்கவில்லை, அரிசியும் கிடைக்கவில்லை, கடனும் கிடைக்கவில்லை. 1759 இல் சம்பளப் பாக்கிக்காகச் சொந்தப் படையே கலகம் செய்தது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்றார். நோயுற்று வீட்டோடு கிடந்த ஆனந்தரங்கர் இக்காலத்திலும் நாட்குறிப்பைக் கைவிடவில்லை. பழைய நாட்களில் கவர்னர் மாளிகைச் செய்தி நிறைந்த பக்கங்களில் இப்போது பண நெருக்கடியும் அரிசி விலையும் ஊரைவிட்டு ஓடுவோர் செய்தியுமே மிகுதி.

அவர் 1761 ஜனவரி 12 ஆம் நாள் காலமானார். நான்கு நாள் கழித்து, 16 ஆம் நாள், புதுவை ஆங்கிலேயரிடம் பணிந்தது. லாலி சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டபோது, வழிநெடுகிலும் அவரை இகழ்ந்து கூச்சலிட்டவர்கள் பிரெஞ்சுக்காரரே. 1766 இல் பாரிஸில் அவருக்கு மரண தண்டனை நிறைவேறியது. அங்கும் அவருக்காகச் சாட்சி சொல்ல வந்தவர் மிகச் சிலர்.

ஆனந்தரங்கரின் ஏடுகள் குடும்பத்தாரிடம் கிடந்தன. 1846 இல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை சென்னையில் 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தன. தமிழ் மூலம் 1948 முதல் புதுவையில் அச்சேறியது. சின்ன முதலியாரும் அன்னபூரண ஐயனும் அந்தப் பதவிக்காக என்னென்ன செய்தார்கள் என்று நாம் இன்று அறிவதெல்லாம் பெரும்பாலும் அவ்வேடுகளிலிருந்துதான். அவர்கள் தரப்பில் எழுதி வைத்தவர் யாருமில்லை.